வெட்டுப்பட்டவர் முகவரி

எங்கள் தெருக்களில் முப்பத்தெட்டு நாட்களில் ஆறு பேரை வெட்டினார்கள். ஆறையும் பதிவு செய்தவள் மாநகராட்சியின் பதிவாளரான நான்.

யாரையும் கொல்லவில்லை. அதில் அவர்கள் கவனமாக இருந்தார்கள். கை, தொடை, முதுகு. பட்டப்பகலில் இரண்டு பைக்கில் ஹெல்மெட்டோடு வருவார்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்பவனை, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பவளை, ஒரே இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆறாவது ஆள் பெயிண்டர் சகாயம். அவருடைய வலது கை விரல்கள் மூன்று தெருவில் கிடந்தன. அவர் மனைவி அவற்றைப் பொறுக்கி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நான் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"பேரு, டோர் நம்பர் சொல்லுங்கண்ணா."

"உனக்குத் தெரியாதா மோனி? பொறந்ததுல இருந்து எதிர்வீட்டுலதானே இருக்க?"

"பதிவுக்கு நீங்க வாயால சொல்லணும்ணா."

சொன்னார். ஆறாவது தெரு, கதவு எண் இருபத்திரண்டு. வெட்டியவர் பெயர், முகவரி என்று இருந்த கட்டத்தில் வழக்கம்போல 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று எழுதினேன். சகாயம் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புது வரைபடம் வந்தது. ஆறாவது தெரு எங்கள் வார்டில் இல்லை.

எங்கள் மாநகராட்சியில் வார்டு எல்லைகளை மனிதர்கள் போடுவதில்லை. ஒரு தேர்தல் கலவரத்தில் நாற்பத்தோரு பேர் செத்த பிறகு அந்த வேலையை ஒரு இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். அதற்கு மாமன் மச்சான் கிடையாது, கட்சி கிடையாது. முதலில் ஒரு வரைவு போடும். பிறகு அறுபது நாட்கள் ஊரைக் கவனிக்கும். தினமும் காலையில் கோட்டைத் திருத்தும். அறுபதாம் நாள் மாலை ஆறு மணிக்கு எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை. அப்புறம் கோர்ட்டாலும் அசைக்க முடியாது. காளவாயில் அதற்குக் கோட்டுச்சாமி என்று பெயர்.

காளவாய் எங்கள் ஏரியா. பதினொரு தெரு. குப்பை அள்ளுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பெயிண்டர்கள். நாற்பது வருடமாக எங்களை மூன்று துண்டாக வெட்டி மூன்று வார்டுகளின் வாலில் ஒட்டவைத்திருந்தார்கள். மூன்று கவுன்சிலர்கள் இருந்தும் ஒரு சாக்கடை மூடியைப் போட ஆளில்லை. ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டுவார். இந்த முறைதான் முதல்தடவையாகப் பதினொரு தெருவும் ஒரே வார்டுக்குள் வந்தன. நாற்பத்தேழாவது வார்டு. எங்களோடு மேட்டுத்தெருவும் அதில் இருந்தது. மூன்று முறை கவுன்சிலராக இருந்த ராஜபூபதியின் தெரு. ஆனால் நூற்றுக்கு அறுபத்தொரு ஓட்டு எங்களுடையது. வரைவு வந்த அன்றே என் அக்கா அல்லி நிற்பதாக முடிவாகிவிட்டது. துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தில் பத்து வருடம் மைக் பிடித்தவள்.

அதற்கு அடுத்த வாரமே முதல் வெட்டு விழுந்தது.

சகாயத்தின் தெரு போன காலையில் நேராக ஆபீஸுக்குப் போனேன். உதவி ஆணையர் தணிகாசலம் டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ரெண்டு பதிவுக்கு ஒரு தெரு போகுது. ஆறு பதிவு, மூணு தெரு. இது என்ன சார் கணக்கு?"

"உட்காரும்மா. கத்தாத."

"நின்னுக்கிட்டே கேக்குறேன்."

"ஒரு ஏரியால தேர்தல் பகைன்னு பதிவு விழுந்தா, அது கொதிக்கிற இடம்னு மெஷின் எடுத்துக்கும். கொதிக்கிற பால என்ன பண்ணுவ? நாலு டம்ளர்ல ஊத்தி ஆத்துவல்ல? அதத்தான் அது பண்ணுது. ஒரே இடத்துல கூட்டம் சேர விடாம பக்கத்து வார்டுகளுக்குப் பிரிச்சு விடுது."

"கொதிக்கிறது நாங்களா? வெட்டுறது அவனுங்க சார்."

"யாரு அவனுங்க? நீதானே அடையாளம் தெரியாத நபர்கள்னு எழுதியிருக்க?"

டேப்லெட்டைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தேன்.

"பதிவுல ஒரு முகவரிதாம்மா இருக்கு. வெட்டுப்பட்டவன் முகவரி. மெஷின் அதத்தான் பாக்கும். மேட்டுத்தெருவுல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு பதிவு கிடையாது. சுத்தமான தெரு."

"அவங்க அடிபட்டதில்லையா? போன வாரம் எங்க பசங்க அங்க ரெண்டு பேரு மண்டைய உடைச்சானுங்க. ஊருக்கே தெரியும்."

"அவங்க பதிவு பண்ண மாட்டாங்க. காளவாய்க்காரன்கிட்ட அடி வாங்கினோம்னு மேட்டுத்தெருக்காரன் எழுதிக் குடுப்பானா? தொங்கிருவான்." பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அவர் ஸ்பூனால் அதைத் தேடினார். "ரெண்டு பக்கமும் பதிவு விழுந்திருந்தா கதையே வேற. அப்ப எதையும் உடைக்காது. ரெண்டையும் முழுசு முழுசா வச்சு நடுவுல கோடு போட்டு வேற வேற வார்டு ஆக்கிரும். சட்டத்துல இருக்கு. ஆனா பாதிக்கப்பட்டவரோ, வீட்டாளோ கையெழுத்துப் போடணும். நீ மட்டும் எழுதினா செல்லாது."

நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

எங்கள் ஏரியாவில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். வாங்கிய கையோடு நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? வீடு வீடாகப் போய், யார் கை வைத்தாலும் பதிவு செய்யுங்கள், சும்மா அழாதீர்கள், கதவு எண்ணைச் சரியாகப் போடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தது. ஸ்டேஷனில் எங்கள் புகாரை வாங்க மாட்டார்கள் என்பதால் போனிலேயே நிரப்ப ஒரு படிவம் தயாரித்தேன். நான்கு வருடம் பாடுபட்டு ஒரு ஏரியா முழுக்கப் பழக்கினேன். நகரத்திலேயே அடி வாங்கினால் ஒழுங்காக எழுதி வைக்கிற ஒரே இடம் காளவாய்தான். இயந்திரத்துக்கு நாங்கள் கொதிக்கிற இடமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. அதன் கண்ணில் கரண்டி கரண்டியாக எங்களை ஊற்றியவள் நான்தான்.

அன்று மாலையே தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே எல்லோரையும் கூப்பிட்டேன்.

"இனிமே யாரும் எதையும் பதிவு பண்ண வேணாம்."

கூட்டம் என்னை ஒரு மாதிரி பார்த்தது. சகாயத்தின் மனைவி முதலில் வாயைத் திறந்தார்.

"எழுது எழுதுன்னு உசுர வாங்கினவ நீதானடி?"

"நாந்தான்க்கா. தப்பு பண்ணிட்டேன்."

"இப்ப வெட்டுனா என்ன பண்றது? வாயப் பொத்திக்கிறதா?"

"இன்னும் இருபத்தோரு நாளு. எட்டு தெரு நம்மகிட்ட இருக்கு, நூத்துக்கு அம்பத்திரெண்டு ஓட்டு. இன்னொரு தெரு போனா பூபதி ஜெயிச்சிருவான்."

அக்காவின் கணவர் ரூபன் மாமா பின்னால் இருந்து குரல் கொடுத்தார். தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவர், எப்போதும் சிரித்த முகம். "எங்கப்பாவும் இப்படி வெட்டு வாங்கிட்டு வாயப் பொத்திக்கிட்டுதான் இருந்தாரு. அவரு படிக்காம பண்ணாரு, நாம படிச்சுட்டுப் பண்றோம். அவ்ளோதான் முன்னேற்றம். சரி விடு கொழுந்தியா, இருபத்தோரு நாளு தானே."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இருபது நாட்களில் ஐந்து பேரை வெட்டினார்கள். ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. மூன்றாவது தெருவில் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற கனகம்மா தையல் போட்டார். மயக்க மருந்து கிடையாது. வாயில் துண்டைத் திணித்து, நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தைத்தோம். முதுகு கிழிந்த ஒருத்தி ஜுரத்தில் இரண்டு நாள் பினாத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் தானாகப் பதிவாகிவிடும் என்பதால் போகவில்லை. அவள் புருஷன் என்னைப் பார்த்து, "இவ செத்தா உன்னத்தான் வெட்டுவேன்" என்றான். சரி என்றேன். பிழைத்துவிட்டாள்.

வரைபடம் அசையவில்லை. அது அசையாததுதான் அவர்களுக்கு வெறி ஏற்றியது. காயத்தை மறைக்கலாம். பிணத்தை மறைக்க முடியாது.

அறுபதாம் நாள் காலை பத்தரை மணிக்கு மார்க்கெட் திருப்பத்தில் ரூபன் மாமாவின் வண்டியை மறித்தார்கள். நான் போகும்போது அவர் கேன்களுக்கு நடுவில் கிடந்தார். பன்னிரண்டு வெட்டு. கழுத்தில் விழுந்தது ஒன்றே போதும். மற்ற பதினொன்றும் எங்களுக்காகப் போட்டவை. உடைந்த கேன்களின் தண்ணீரில் ரத்தம் கரைந்து ரோடு முழுக்க ஓடியது. ஜனங்கள் செருப்பு நனையாமல் தள்ளித் தள்ளி நின்று பார்த்தார்கள்.

ஒரு மணிக்கு டேப்லெட்டில் வந்தது. மரணம் ஒன்று. காரணத்தைச் சரிபார்க்கவும். தேர்தல் பகை அல்லது விபத்து. மாலை ஆறு மணிக்குள்.

தணிகாசலம் போன் செய்தார். "உயிர் போயிருக்கும்மா. தேர்தல் பகைன்னு போட்டா மிச்சம் எட்டையும் மூணா பிரிச்சிரும். நான் எதுவும் சொல்லல. நீ யோசிச்சுக்கோ."

பிணவறை வாசலில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். விபத்து என்று போட்டால் வார்டு நிற்கும், அவள் ஜெயிப்பாள், கேஸ் இருக்காது. பகை என்று போட்டால் கேஸ் இருக்கும், வார்டு போகும்.

"மோனி, எத்தன வெட்டு?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு வெட்டு வெட்டினது விபத்தாடி?"

"அக்கா, பதினோரு தெரு சனம்..."

"சனத்துக்காக நான் நிக்கிறேன். செத்தாலும் நிப்பேன். ஆனா இந்த ஆளு லாரி மோதி செத்தான்னு எழுதிட்டு, அந்த நாற்காலியில நான் எப்படிடி உக்காருவேன்? குண்டி எரியாது?" டேப்லெட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள். "எங்க போடணும்? காட்டு."

கையெழுத்துப் போட்டாள். நான் 'தேர்தல் பகை' என்பதைத் தொட்டேன். மணி நாலு. ஆறுக்குக் கோடு எங்களை அறுக்கும்.

எழுந்து நடந்தேன். ஆஸ்பத்திரி கேட்டை ஒட்டி ஒரு இளநீர் வண்டி. கடைக்காரர் யாரோ ஒரு நோயாளிக்கு ஸ்ட்ரா தேடிக்கொண்டிருந்தார். நான் அரிவாளை எடுத்துத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மேட்டுத்தெரு என்றேன். கோபத்தில் போனேன் என்று பிற்பாடு பேப்பரில் எழுதினார்கள். கோபம் எனக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. அன்று நான் கணக்குப் போட்டுத்தான் போனேன்.

பூபதி வீட்டு முன்ஹாலில் டிவியில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். டேப்லெட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக உள்ளே வந்த பெண்ணை யாரும் தடுக்கவில்லை.

"என்னம்மா, கணக்கெடுப்பா?" என்றார்.

"ஆமாங்கய்யா. ஒரு பதிவு பாக்கி இருக்கு."

முதல் வெட்டு இடது தோளில் இறங்கியது. இரண்டாவதைக் கையால் தடுத்தார். முழங்கைக்குக் கீழே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணாடி மேஜை மேல் சாய்ந்தார், அது நொறுங்கியது. கழுத்து எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அரிவாளைக் கீழே போட்டேன். சாவு எனக்கு வேண்டாம். வாயைத் திறந்து பேசுகிற ஆள்தான் வேண்டும்.

அடுத்த இரண்டு நிமிடம் என்னை மிதித்தார்கள். இரண்டு பல் நாக்கில் உருண்டது. விலா எலும்பு உடைகிற சத்தம் வெளியே கேட்காது, உள்ளே கேட்கும். நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "காளவாய் மோனிஷா வெட்டினான்னு எழுதிக் குடுங்க. போலீஸக் கூப்புடுங்க."

"நிறுத்துங்கடா!" பூபதி கத்தினார். துண்டால் கையைச் சுற்றியபடியே என்னைப் பார்த்தார். புத்திசாலி, அவருக்குப் புரிந்துவிட்டது. "யாரும் போன் எடுக்காதீங்க. இவ இங்க வரவே இல்ல. கண்ணாடி டேபிள் ஒடஞ்சு என்னக் கிழிச்சிருச்சு. அவ்ளோதான்."

"அண்ணே, இவள விட்டுர்றதா?"

"காளவாய் பொட்டச்சி வெட்டினான்னு வெளிய சொல்லிட்டு நான் வேட்டிய கட்டிட்டு நடமாடணுமாடா? நம்ம தெருவ ரயில்வே காலனியோட சேத்துருவான், அங்க நமக்கு நாலு ஓட்டு இல்ல. தூக்கி ரோட்டுல போடு. ஆறு மணி தாண்டட்டும்."

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். ஹேமலதா. போஸ்டரில் கைகூப்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தரையில் ஓடும் ரத்தத்தைப் பார்த்தபடி, "கை தொங்குதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்றார்.

"உள்ள போடி!"

என்னை ரோட்டில் போட்டார்கள். எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

எஸ்.ஐ. பெனாசிர் என்னைப் பார்த்ததும் தண்ணீர் கொடுத்தார். நான் வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு டேப்லெட்டில் எழுதினேன். வெட்டுப்பட்டவர்: ராஜபூபதி, மேட்டுத்தெரு. வெட்டியவர்: மோனிஷா, காளவாய், ஆறாவது தெரு, கதவு எண் இருபத்தைந்து. காரணம்: தேர்தல் பகை. அந்தக் கட்டத்தில் முதல்முறையாக ஒரு பெயரும் முகவரியும்.

"வெட்டினதும் நீ, சரிபார்க்கறதும் நீயா? என் சர்வீஸ்ல பாத்ததில்லம்மா."

"கையெழுத்துதான் மேடம் வேணும். அவருக்குப் போன் போடுங்க."

போட்டார். ஸ்பீக்கரில் பூபதியின் குரல் நிதானமாக வந்தது. "வெட்டா? யாரு? நான் வீட்டுல கண்ணாடி மேல விழுந்துட்டேன் மேடம். அந்தப் பொண்ணு மாமன் செத்த துக்கத்துல உளறுது, பாவம். வீட்டுக்கு அனுப்புங்க."

பெனாசிர் போனை வைத்தார். மணி ஐந்து நாற்பது.

"உன் மேல கேஸ் இல்லம்மா. நீ போலாம்."

"நான் வெட்டினேன் மேடம்."

"வெட்டுப்பட்டவரு இல்லங்கிறாரே."

எங்களை வெட்டியபோது ஆறு பேர் கத்தியும் வெட்டியவன் ஆளில்லாமல் போனான். இப்போது வெட்டியவள் கத்துகிறேன், வெட்டுப்பட்டவன் ஆளில்லாமல் போகிறான். எப்படிப் போட்டாலும் அவர்களுக்கே விழுகிற ஆட்டம். நான் பெஞ்சில் சாய்ந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஹேமலதா இறங்கி வந்தார். செருப்பு இல்லை. பட்டுப் புடவையின் முன்பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. என்னைப் பார்த்தார், பார்வையிலேயே எரித்துவிடுவார் போலிருந்தது.

"இவதான். இவதான் என் வீட்டுக்காரர வெட்டினா. நான் பாத்தேன். எழுதிக்குங்க."

பெனாசிர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினார். "மேடம், உங்க வீட்டுக்காரர் வேற மாதிரி சொல்றாரே?"

"அவரு ஆயிரம் சொல்லுவாரு. தோளு பொளந்து கிடக்கு. ஆறு மணி ஆகட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு உக்காந்திருந்தாரு. மயக்கம் போட்டுட்டாரு, நான்தான் பக்கத்து வீட்டு ஆளுங்களக் கூப்பிட்டு வண்டியில ஏத்தி அனுப்பினேன். இவள சும்மா விட்டா நாளைக்கு எல்லாவளும் அரிவாளத் தூக்குவா. இவ உள்ள போகணும். எங்க போடணும் கையெழுத்து?"

அவர் போன் அடித்தது. மகன். பக்கத்தில் இருந்த எங்கள் எல்லோருக்கும் அவன் குரல் கேட்டது. "அம்மா! கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிராத! போட்டா நம்ம தெருவே போச்சு! அறிவில்ல உனக்கு?"

"உங்கப்பா செத்துருப்பாருடா" என்றார். "கோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறியே." போனை அணைத்தார்.

நான் டேப்லெட்டை நீட்டினேன். அவர் என் கையிலிருந்து வாங்கவில்லை. பெனாசிர் வாங்கிக் கொடுத்த பிறகுதான் தொட்டார். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து ஐம்பத்திரண்டு.

பெனாசிர் என்னை லாக்கப்பில் உட்கார வைத்துக் கம்பிக் கதவைச் சாத்தினார். ஆறு அடித்ததும் தன் போனைக் கம்பி வழியாகக் காட்டினார். கோடு மார்க்கெட் ரோட்டோடு நேராக ஓடியது. இந்தப் பக்கம் பதினொரு தெரு. அந்தப் பக்கம் மேட்டுத்தெரு, ரயில்வே காலனியோடு.

நான் சிரிக்கவில்லை. உடைந்த பல்லோடு சிரிக்கவும் முடியாது. பிணவறை வாசலில் அக்கா இதைப் பார்த்திருப்பாளா என்று யோசித்தேன். ஊரில் எத்தனை பேர் இதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள் என்றும் யோசித்தேன். அடுத்த தேர்தலுக்கு எத்தனை இளநீர் வண்டிகளில் அரிவாள் காணாமல் போகும்?

வாசலில் கார் கதவுகள் படபடவென்று சாத்துகிற சத்தம். ஏழெட்டுப் பேர். "அம்மா எங்க? வெளிய வரச் சொல்லு!" மகனின் குரல். ஸ்டேஷனில் பெனாசிரும் இரண்டு கான்ஸ்டபிள்களும்தான். ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து விழுந்தது.

பெனாசிர் ஹேமலதாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "மேடம், பூட்டு இருக்கிற ரூம் இங்க ஒண்ணுதான். கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிட்டேன், வேன் வர்ற வரைக்கும் உள்ள இருங்க." கம்பிக் கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டு லத்தியோடு ஓடினார்.

புகார் கொடுத்தவரும் நானும் ஒரே அறையில். உட்கார ஒரே ஒரு பெஞ்ச். வெளியே நாற்காலி உருளும் சத்தம், கெட்ட வார்த்தை. ஹேமலதா கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றார்.

"உங்க அக்கா புருஷன் நெசமாவே செத்துட்டாரா?"

"ஆமா."

"எங்க வீட்டுல வெறும் அடிதடின்னுதான் சொன்னாங்க." வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது குரல் பழையபடி கறாராக இருந்தது. "ஏய், தள்ளி உக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன். அவர் உட்கார்ந்தார்.